சராசரி மாணவர் ஆடிஷன் ரொட்டேஷனுக்குப் போகலாமா?

மூன்றாம் ஆண்டு மாணவர், ஒஹாயோ:

அனைவருக்கும் வணக்கம். எலும்பு அறுவை சிகிச்சையில் ரெசிடென்சிக்கு (படிப்பு முடிந்தபின் மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஸ்டெப் 1 தேர்ச்சி பெற்றுவிட்டேன். ஸ்டெப் 2 தேர்வை ஜூன் தொடக்கத்தில் எழுதவிருக்கிறேன். மாதிரித் தேர்வுகளில் எனக்கு வருகிற மதிப்பெண், இந்தத் துறைக்குள் நுழைந்தவர்களின் சராசரியைவிடச் சற்றுக் கீழேயே நிற்கிறது. வகுப்பில் நான் நடுவில் இருக்கிறேன். சிறந்த மாணவர்களுக்கான ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் ஆனர்ஸ் (உயர் தரநிலை) கிடைத்தது, மற்ற பிரிவுகளில் கிடைக்கவில்லை.

வேறு மருத்துவமனையில் நான்கு வாரம் வேலை செய்து, அங்குள்ளவர்கள் நம்மை நேரில் எடைபோட இடம் தரும் வெளி ரொட்டேஷனுக்கு (ஆடிஷன் என்பதும் இதுதான்) வி.எஸ்.எல்.ஓ. என்ற இணையதளம் வழியாக விண்ணப்பிக்கும் காலம் இது. இந்த வாரம் என் ஆலோசகரைச் சந்தித்தேன். "முதல் வரிசை மாணவர் போனால் உறுதி செய்துவிட்டு வருவார். சராசரி மாணவர் போனால், தாளில் தெரியாத குறைகளையும் நேரில் காட்டிவிட்டு வருவார். நீ போகாமல் இருப்பதே நல்லது" என்றார். அவர் என் நலனுக்காகவே சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என்னோடு இதே துறைக்கு விண்ணப்பிக்கப் போகும் வகுப்புத் தோழர்கள் நால்வரும் ஆளுக்கு மூன்று இடங்களுக்காவது போகிறார்கள். நான் மட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டால் நான்காம் ஆண்டில் என்னைப் பற்றிப் பேச ஊருக்கு வெளியே யாரும் இருக்கமாட்டார்கள். இந்தப் பாதையில் போய்வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எலும்பியல் ரெசிடெண்ட், ஐந்தாம் ஆண்டு:

தம்பி, நான்கு வாரம் விடியற்காலை முதல் இரவு வரை ஒருவரோடு வேலை செய்தால் அவருடைய குறையும் நிறையும் மறையாது என்பது உண்மைதான். உங்கள் ஆலோசகர் குறை வெளிப்படுவதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, நிறை வெளிப்படுவதை விட்டுவிட்டார்.

எங்கள் துறையில் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 900 இடங்களே இருக்கின்றன. ஒரு புரோகிராமுக்கு (ஒரு மருத்துவமனையின் ரெசிடென்சிப் பயிற்சிக்கு) நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வருகின்றன. அதில் எடுக்கப்படுபவர்கள் பல இடங்களில் நான்கைந்து பேர்தான். அந்த நான்கைந்து பேரோடுதான் ஐந்து ஆண்டுகள் இரவும் பகலும் இருக்கப் போகிறோம். அதனால் ஸ்டெப் 2 தேர்வில் அறியாத ஒருவரின் 260 மதிப்பெண்ணைவிட, அறிந்த ஒருவரின் 245 மதிப்பெண் எங்களுக்கு அச்சம் குறைந்ததாகத் தோன்றுகிறது. விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்தும் தரவரிசைக் கூட்டத்தில் நான் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். எங்களிடம் வந்து போகாத மாணவரின் பெயர் வந்தால் யாராவது ஒருவர் விண்ணப்பத்திலிருந்து இரண்டு வரி படிப்பார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வந்து வேலை செய்துவிட்டுப் போன மாணவரின் பெயர் வந்தால், அறையில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஆனால் பேச்சு இருக்கும்.

ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய மதிப்பெண் உங்களுடையதைப் போன்றதுதான். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, மணிக்கட்டு முறிந்த ஒரு மூதாட்டியை அவசரப் பிரிவில் பார்க்கப் போனேன். எனக்கு முன்பே அந்த மாணவர் அங்கே இருந்தார். முறியாத கையை வைத்து அளவெடுத்து, பத்து அடுக்காக மாவுக்கட்டுத் துணியை வெட்டி, பஞ்சு உருளைகளைப் பிரித்து, வாளியில் வெதுவெதுப்பான நீரை வைத்திருந்தார். நீர் சூடாக இருந்தால் மாவு சீக்கிரம் இறுகிவிடும், நமக்கு வடிவம் பிடிக்க நேரம் கிடைக்காது, கட்டுக்குள் தோலும் சுடும். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. முந்தைய வாரம் இன்னொரு ரெசிடெண்ட் செய்ததைப் பார்த்துக் கற்றிருந்தார். நான் எலும்பை இழுத்துச் சேர்க்கும்போது முழங்கையை எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படிப் பிடித்தார். கட்டு முடிந்ததும் நான் கணினியில் குறிப்பு எழுதப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கைக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு, விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே வர வேண்டும் என்று அந்த அம்மாவின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிப்ரவரித் தரவரிசைக் கூட்டத்தில் நான் இதை அப்படியே சொன்னேன். அவர் இப்போது எங்கள் இரண்டாம் ஆண்டு ரெசிடெண்ட்.

அவருடைய விண்ணப்பம் மட்டும் எங்களிடம் வந்திருந்தால் நேர்காணலுக்கே அழைத்திருக்கமாட்டோம் என்று நினைக்கிறேன். ஆகவே என் கருத்து: போகவேண்டும். எங்கே போவது, எப்போது போவது என்பதில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

உள்மருத்துவத் துறை ஆசிரியர், ரெசிடென்சி இணை இயக்குநர்:

எலும்பியல் நண்பர் சொன்னதை அவர் துறைக்கு நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்ற மாணவர்கள், ஆடிஷன் எல்லாத் துறைக்கும் பொதுவான விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உள்மருத்துவத்தில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. எங்கள் துறையில் ஒரு மாணவர் வெளியே போய் நான்கு வாரம் வேலை செய்வது பெரும்பாலும் கணக்கை மாற்றுவதில்லை. சராசரி மாணவருக்கு அது தீங்காகவும் முடியலாம். சொந்த மருத்துவமனையில் அவருக்குக் கணினி தெரியும், செவிலியர்களைத் தெரியும், ஆய்வகத்துக்கு எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று தெரியும். புதிய இடத்தில் முதல் பத்து நாள் அதைக் கற்பதிலேயே போய்விடும். அதற்குள் அட்டெண்டிங் (பொறுப்பு மூத்த மருத்துவர்) மாறிவிடுவார். இரண்டு வாரம் பார்த்த ஒருவர் எழுதும் கடிதம், "நேரத்துக்கு வந்தார், ஆர்வமாக இருந்தார்" என்பதைத் தாண்டாது. அதே நான்கு வாரத்தைச் சொந்த இடத்தில் சப்-இன்டர்னாக (பயிற்சி மருத்துவரின் வேலையைச் செய்யும் மாணவராக) செலவிட்டு, நோயாளியைத் தானே பொறுப்பேற்று நடத்தினால், அவரை ஓராண்டாக அறிந்த ஆசிரியர் எழுதும் கடிதத்துக்கு எடை இருக்கும்.

விதிவிலக்கு ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்வேன். துணைவரின் வேலை, பெற்றோரின் உடல்நலம் போன்ற காரணத்தால் குறிப்பிட்ட ஓர் ஊருக்கே போயாக வேண்டும், ஆனால் அந்த ஊரோடு தொடர்பிருப்பதாக விண்ணப்பத்தில் எந்தத் தடயமும் இல்லை என்றால், அங்கே ஒரு மாதம் வேலை செய்வது உங்கள் எண்ணம் உண்மையானது என்று காட்டும். அதற்கும் கடிதம் எழுதினால் போதும் என்றே பல நேரங்களில் எனக்குத் தோன்றியிருக்கிறது.

அவசர மருத்துவ ரெசிடெண்ட்:

எங்கள் துறையின் நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அவசர மருத்துவத்தில் சாதாரணப் பரிந்துரைக் கடிதத்தைவிட, "ஸ்லோ" என்று நாங்கள் அழைக்கும் தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுக் கடிதமே முக்கியம். அது அவசரப் பிரிவில் ரொட்டேஷன் செய்தால்தான் கிடைக்கும். கோவிட்டுக்கு முன்பு, சொந்த இடத்தில் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டு கடிதங்கள் வைத்திருப்பதே வழக்கமாக இருந்தது. ஆகவே இங்கே வெளி ரொட்டேஷன் என்பது விருப்பத்துக்குச் செய்யும் ஆடிஷனாக இல்லாமல் விண்ணப்பத்தின் ஓர் உறுப்பாகவே இருந்துவந்தது.

சராசரி மாணவர்கள் அஞ்சுவதற்குக் காரணம், அந்தக் கடிதத்தில் உங்களை மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு முதல் பத்து விழுக்காடு, மேல் மூன்றிலொரு பங்கு, நடு மூன்றிலொரு பங்கு, கீழ் மூன்றிலொரு பங்கு என்று நீண்ட காலமாக வகைப்படுத்தி வந்ததுதான். நடுப்பங்கு என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடிவதில்லை. என்னுடைய இரண்டு கடிதங்களும் நடுப்பங்கு என்றே இருந்தன என்பது எனக்குப் பின்னர் தெரியவந்தது. எனக்கு மேட்ச் (மாணவர்களையும் புரோகிராம்களையும் இணைக்கும் தேசிய ஒதுக்கீட்டில் இடம்) கிடைத்தது. படிப்பவர்கள் பங்கைப் பார்த்துவிட்டுக் கீழே உள்ள பத்தியை உற்றுப் படிக்கிறார்கள். "திருத்தினால் ஏற்றுக்கொள்கிறார், அடுத்த நாள் அதே தவறைச் செய்வதில்லை" என்ற ஒரு வரி இருந்தால் நடுப்பங்கு மாணவரை அழைப்பார்கள். "வாதிடுகிறார்" என்ற ஒரு சொல் இருந்தால் மேல்பங்கு மாணவரையும் தயங்கித்தான் அழைப்பார்கள்.

2023 மேட்சில் எங்கள் துறையில் 500-க்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்பாமல் போயின. போட்டியின் அளவு ஆண்டுக்காண்டு இப்படி மாறுகிறது என்பதால், மூத்தவர்கள் ஐந்தாண்டுக்கு முன் சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

எலும்பியலில் மேட்ச் ஆனவர், முதலாம் ஆண்டு:

நான் எதிர்ப்பக்க அனுபவத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெற்றிக் கதைகளை மட்டும் கேட்டுவிட்டு நான் போனேன்.

நானும் சராசரி மாணவன்தான். பெயர் பெற்ற ஒரு மருத்துவமனைக்கு ஜூலையிலேயே போனேன். அதுதான் என் முதல் எலும்பியல் ரொட்டேஷன். ஸ்டெப் 2 எழுதி ஆறு நாள் ஆகியிருந்தது. சொந்த ஊரில் வாடகை கொடுத்துக்கொண்டே அங்கேயும் ஓர் அறைக்கு 1,100 டாலர் கொடுத்தேன். முதல் நாள் காலை நாலே முக்காலுக்கு நோயாளிப் பட்டியலை அச்சிட வேண்டும் என்று சொன்னார்கள். எந்தக் கணினியில் எப்படி அச்சிடுவது என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தேடினேன். ரவுண்ட்ஸ் ஐந்தரைக்குத் தொடங்கியபோது என் கையில் பட்டியல் இல்லை. காயக்கட்டு மாற்றுவதற்கான துணியும் டேப்பும் மற்ற இரண்டு வெளி மாணவர்களின் கோட்டுப் பையில் இருந்தன. என் பையில் ஒரு பேனாவும் சிறு கையேடும் இருந்தன. அறுவை அரங்கில், எந்த வழியாக எலும்பை அணுகுகிறோம், வழியில் எந்த நரம்பு குறுக்கிடும் என்று அட்டெண்டிங் கேட்டபோது, முந்தைய இரவு படித்ததுகூட வாயில் வரவில்லை.

மூன்றாம் வாரத்தில்தான் வேலை பிடிபட்டது. அதற்குள் என்னைப் பற்றிய எண்ணம் உருவாகிவிட்டது. நேர்காணல் அழைப்பு வரவில்லை. அங்கே போகாமல் விண்ணப்பம் மட்டும் அனுப்பியிருந்தால் வந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். என் வகுப்பில் என்னைப் போன்ற மதிப்பெண் பெற்று அங்கே போகாத ஒருவருக்கு அழைப்பு வந்தது. அந்த மாதம் முடிந்து சொந்த மருத்துவமனைக்குத் திரும்பிச் செய்த ரொட்டேஷன் நன்றாக அமைந்தது, அங்கேயே எனக்கு மேட்ச் கிடைத்தது. முதலில் உள்ளூரில் செய்துவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த மாதம் வேறு விதமாக இருந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டு மாணவர், ஒஹாயோ:

கடைசி மறுமொழியை மூன்று முறை படித்தேன். இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி, அண்ணா.

எனக்கு இப்போது ஒரு கேள்வி எழுகிறது. நான் என்னைச் சராசரி என்று சொல்வது தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான். வார்டில் நான் எப்படி என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் கிடைத்த மதிப்பீடுகளில் "அமைதியானவர்" என்ற சொல் நான்கு முறை வந்திருக்கிறது. அமைதியான மாணவர் நான்கு வாரத்தில் யார் கண்ணிலும் படாமல் போய்விடுவாரா?

எலும்பியல் ரெசிடெண்ட், ஐந்தாம் ஆண்டு:

இந்தக் கேள்வியைத்தான் உங்கள் ஆலோசகர் முதலில் கேட்டிருக்க வேண்டும். தேர்வில் சராசரி, வேலையில் நல்லவர் என்றால் ஆடிஷன் உங்களுக்காகவே இருக்கிறது. தேர்வில் சிறந்தவர், கூட வேலை செய்வது கடினம் என்றால், அவர்தான் வீட்டில் இருந்துகொண்டு விண்ணப்பத்தை மட்டும் அனுப்ப வேண்டியவர். இரண்டிலும் சராசரி என்றால் போகலாம், ஆனால் இடத்தை மிகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்கள் எந்த வகை என்பதை உள்ளூர் ரொட்டேஷன்தான் சொல்லும். ஜூன் தேர்வுக்குப் பிறகு ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, முதலில் உங்கள் சொந்த மருத்துவமனையில் செய்யுங்கள். இரண்டாம் வாரம் முடிந்ததும் மூத்த ரெசிடெண்ட் ஒருவரிடம் தனியாகப் போய், "நான் வெளியே போனால் என்னைப் பார்த்து என்ன சொல்வார்கள்?" என்று நேராகக் கேளுங்கள். "நன்றாகச் செய்கிறாய்" என்பதோடு அவர் நிறுத்தினால் விடாதீர்கள். நாளை முதல் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். முதலாண்டு நண்பர் எழுதிய பட்டியல், டேப், துணி விவகாரமெல்லாம் உள்ளூரிலேயே பழகிவிடும்.

அமைதி குறையாகாது. எங்கள் வேலையில் அதிகம் பேசும் மாணவர்தான் சீக்கிரம் சலிப்பூட்டுகிறார். ஆனால் அமைதியானவர் கேட்காமலே இருந்துவிடக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, அன்று பார்த்த நோயாளியைப் பற்றி, நூலில் பார்த்துவிட்டும் விளங்காத ஒன்றைக் கேட்டாலே போதும்.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கல்லூரியிலிருந்து கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பியலுக்குப் போனவர்கள் எங்கெங்கே சேர்ந்தார்கள் என்ற பட்டியல் டீன் அலுவலகத்தில் இருக்கும். உங்களைப் போன்ற விண்ணப்பத்தோடு போனவர்கள் எங்கே சேர்ந்தார்களோ, அந்த இடங்கள்தான் உங்களுக்கு. கனவு மருத்துவமனைக்கு ஒரு மாதத்தைக் கொடுப்பது, வரிசையின் முதல் பத்து மாணவர்களோடு தோளுரசி நிற்பதற்குக் கொடுக்கும் விலை. தன் வெளி மாணவர்களையே அதிகம் எடுத்துக்கொள்கிற, நடுத்தர அளவுள்ள புரோகிராம்களைத் தேடுங்கள். சில பெரிய இடங்கள் ஒரு பருவத்தில் முப்பது நாற்பது மாணவர்களை அழைத்து, அவர்களில் இரண்டு பேரைத்தான் எடுக்கும். வேறு சில இடங்கள் பத்துப் பேரை அழைத்து மூன்று பேரை எடுக்கும். அங்குள்ள ரெசிடெண்டுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எண்ணிக்கையில் இரண்டு போதும். விண்ணப்பங்கள் செப்டம்பர் கடைசியில் புரோகிராம்களின் கைக்குப் போய்விடும் என்பதால், கடிதம் வேண்டிய இடத்துக்கு ஆகஸ்டில் போங்கள். செப்டம்பரில் போகும் இடத்திலிருந்து கடிதம் எதிர்பார்க்காதீர்கள், நேர்காணலை மட்டும் எதிர்பாருங்கள். நான்காவது ரொட்டேஷனில் களைத்த முகத்தோடு வந்து நின்ற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய உண்மையான தரத்தை நாங்கள் பார்க்கவேயில்லை.

ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டுமே என்று ஆனபின், எங்களிடம் வருகிற விண்ணப்பங்கள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கின்றன. நேர்காணலும் பல இடங்களில் கோவிட்டுக்குப் பிறகு திரைக்குள் போய்விட்டது. ஒரு மாணவரை நேரில் பார்க்க எங்களுக்கு மிஞ்சியிருப்பது இந்த நான்கு வாரம்தான். வெளி ரொட்டேஷன்கள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்த 2020 பருவத்தில், பல புரோகிராம்கள் தங்கள் சொந்த மாணவர்களையே வழக்கத்தைவிட அதிகமாக எடுத்தன. அறிந்தவரை எடுப்பது என்ற பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை அந்த ஓராண்டு காட்டியது.

ஆஸ்டியோபதிக் (டி.ஓ. என்ற இணையான மருத்துவப் பட்டம் தரும்) கல்லூரி நான்காம் ஆண்டு மாணவி:

சொந்த மருத்துவமனை இருப்பவர்களுக்குத்தான் "போகலாமா" என்ற கேள்வியே வருகிறது. எங்கள் கல்லூரிக்கென்று எலும்பியல் புரோகிராம் கிடையாது. எங்களுக்குப் போகாமல் இருக்கும் வழியே இல்லை. முதல் ரொட்டேஷனை உள்ளூரில் பழகிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையைப் படித்தபோது, அந்த "உள்ளூரை" நான் எப்படி உருவாக்கிக்கொண்டேன் என்று எழுதத் தோன்றியது. நான் சேர விரும்பாத, ஆனால் ரெசிடெண்டுகள் நன்றாகக் கற்றுத் தருகிற ஒரு சமூக மருத்துவமனையில் முதல் மாதம் போனேன். தவறுகளை அங்கே செய்தேன். விரும்பிய இடத்துக்கு இரண்டாவதாகப் போனேன்.

மதுரையிலிருந்து ஹவுஸ் சர்ஜன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். அமெரிக்காவில் உள்மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். இணை இயக்குநர் ஐயா சொன்ன "வெளியே போக வேண்டாம்" என்பது எங்களுக்கும் பொருந்துமா?

உள்மருத்துவத் துறை ஆசிரியர், ரெசிடென்சி இணை இயக்குநர்:

பொருந்தாது, கேட்டது நல்லதாயிற்று. உங்களைப் போன்றவர்களுக்கு அமெரிக்க மருத்துவமனையில் வேலை செய்த அனுபவமும் இங்குள்ள ஒருவர் எழுதிய கடிதமும் இன்றியமையாதவை. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ் (விருப்பப் பயிற்சி) பெரும்பாலும் மாணவராக இருக்கும்போதுதான் கிடைக்கும்; பட்டம் கையில் வந்தபின் பல பல்கலைக்கழகங்கள் பார்வையாளராக மட்டுமே அனுமதிக்கின்றன. ஆகவே உங்கள் பயிற்சிக் காலம் முடிவதற்குள் எந்தெந்தப் பல்கலைக்கழகம் உங்களை இன்னும் மாணவராக ஏற்கும் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள். உங்கள் கீழ்வகுப்பு மாணவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், இறுதியாண்டிலேயே திட்டமிட்டால் அவர்களுக்கு வழி அகலமாக இருக்கும்.

மூன்றாம் ஆண்டு மாணவர், ஒஹாயோ:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். டீன் அலுவலகத்தில் பட்டியலை வாங்கினேன். என்னைப் போன்ற மதிப்பெண்ணோடு போனவர்கள் ஏழு பேர். அவர்களில் நால்வர் தாங்கள் ரொட்டேஷன் செய்த இடத்திலேயே சேர்ந்திருக்கிறார்கள். நால்வருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன், மூவர் பதில் எழுதினார்கள், ஒருவர் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினார்.

பட்டியலோடு மீண்டும் என் ஆலோசகரைப் பார்த்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஜூலையில் உள்ளூர் ரொட்டேஷனுக்கு ஒப்புதல் கொடுத்தார். ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் நடுத்தரமான இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். உள்ளூரில் இரண்டாம் வாரம் முடிந்ததும் மூத்த ரெசிடெண்டிடம் நேராகக் கேட்கிறேன். அவர் போகவேண்டாம் என்று சொன்னால் செப்டம்பர் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த மாதத்தை உள்ளூரில் இரண்டாம் சப்-இன்டர்ன் மாதமாக மாற்றிக்கொள்வதாக ஆலோசகரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்பதை ஜூலை இறுதியில் இங்கே எழுதுகிறேன்.

எலும்பியல் அண்ணாவிடம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மாவுக்கட்டுத் துணி கைக்குப் பத்து அடுக்கு என்றீர்கள். காலுக்கு எத்தனை?

எலும்பியல் ரெசிடெண்ட், ஐந்தாம் ஆண்டு:

பன்னிரண்டிலிருந்து பதினைந்து, தம்பி. ஆள் பருமனாக இருந்தால் பதினைந்தே வையுங்கள். குதிகாலுக்குப் பஞ்சு கூடுதலாகச் சுற்றுங்கள்.